குழாயின் மறுமுனை

கண்ணைத் திறந்துவிடாதீர்கள், அண்ணாச்சி. திறந்தால் மருந்தெல்லாம் கன்னத்தில் வழிந்துவிடும். அந்தச் சின்னப்பெண் வந்து பார்ப்பாள், 'இன்னும் கண்பாப்பா விரியலையே தாத்தா' என்பாள், இன்னொரு சொட்டு விடுவாள், இன்னும் இருபது நிமிடம். எனக்கு இது மூன்றாவது சொட்டு. வயது அறுபத்துமூன்று. தாத்தா என்கிறாள். சரி, எந்தக் கண் என்று காட்ட நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு ரோஷம்?

வாய்க்கு மருந்து விடவில்லை. பேசலாம், உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால். நல்லது. சாத்தூர்ப் பக்கமா? குரலை வைத்துச் சொன்னேன். இல்லையா, விளாத்திகுளமா? பாருங்கள், இப்படித்தான். நான் உறுதியாக ஒன்றைச் சொன்னால் அது வேறாக இருக்கும். சில மாதங்களாக என் ராசி அது.

என் பேச்சு கொஞ்சம் புத்தகத்தைப் படிப்பதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி செண்பகவல்லி 'ரேடியோவை அணைங்க' என்பாள். அவள் கீழே மருந்துக் கடையில் வரிசையில் நிற்கிறாள்.

விஷயம் இதுதான். என் இடது கண்ணில் புரை. முற்றிய புரை. புரையை எடுத்துவிடலாம், இந்தக் காலத்தில் அது பெரிய காரியமில்லை. ஆனால் எனக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டியில் பிறந்தவனை வேறு எந்த வியாதி தேடி வரும்? சர்க்கரை, கண்ணின் பின்சுவரில் இருக்கிற விழித்திரையைத் தின்றுவிடக் கூடியது. அப்படித் தின்றிருந்தால் புரையை எடுத்தும் பயனில்லை. ஜன்னலைத் துடைத்துப் பார்த்தால் உள்ளே சுவர் இடிந்து கிடக்கிறது என்று ஆகிவிடும். 'புரை மறைக்குது சார், பின்னால என்ன இருக்குன்னு சரியாத் தெரியலை. நல்லா விரிச்சுப் பார்ப்போம்' என்றாள் டாக்டர். இன்று பார்க்கப் போகிறார்கள்.

பயமா? பயமெல்லாம் இல்லை. சும்மா பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விழித்திரையைப் பார்ப்பதற்கு நானே ஒரு கருவி செய்தேன். வீட்டில். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், கண்ணை மட்டும் திறக்காதீர்கள்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தேன். ஆசிரியராக இல்லை. லேப் அசிஸ்டெண்ட். ஆசிரியர்கள் மாற்றலாகி வருவார்கள், போவார்கள். எந்த லென்ஸ் எந்தப் பெட்டியில் இருக்கிறது, எதன் குவியத் தூரம் எவ்வளவு என்பது எனக்குத்தான் தெரியும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வன்று என் மதிப்பே தனி. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் காப்பி குடிக்கப் போகிற அந்த ஐந்து நிமிடத்தில், துடைக்கிற துணியோடு பெஞ்சு பெஞ்சாகப் போய்க் காதில் சொல்லிவிடுவேன். 'பதினஞ்சு.' 'இருபது.' அவ்வளவுதான். விடை கையில் வந்துவிட்டால் பிள்ளைகள் பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, லென்ஸை எங்கே வைத்தோம், பிம்பம் எங்கே விழுந்தது என்று ஆறு அளவுகளை அழகாக எழுதிவிடும். மெழுகுவர்த்தியைக் கொளுத்தவே வேண்டாம். தப்புதான். எங்கள் பள்ளியில் மட்டும்தானா என்று கேட்காதீர்கள்.

இங்கே பெரிய டாக்டராக இருக்கிற உலகம்மை அந்தப் பெஞ்சில் நின்ற பிள்ளை. மெழுகுவர்த்தியின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைக்கத் தெரியாமல் கண் கலங்கி நின்றாள். 'பதினஞ்சு' என்றேன். முழு மதிப்பெண்.

அவளிடம்தான் போன வருடத்துக்கு முந்தின வருடம் வந்தேன். வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள் என்று சர்க்கரை டாக்டர் அனுப்பினார். மூன்று மணி நேரம் இதே நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். உலகம்மை இரண்டு நிமிடம் பார்த்தாள். 'நல்லாயிருக்கு சார். அடுத்த வருஷம் மறக்காம வந்துருங்க.' நான் எழுந்து வந்திருக்கலாம். 'எனக்கும் காட்டும்மா, என் கண்தானே' என்றேன். அவள் சிரித்தாள். 'அதைப் பாத்தா உங்களுக்கு ஒண்ணும் புரியாது சார்.'

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அண்ணாச்சி. வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஒரு மெழுகுவர்த்தியைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை, லென்ஸோடு முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவனிடம், புரியாது என்கிறது. அன்றே தீர்மானித்தேன். இந்த ஆஸ்பத்திரிப் படியை இனி மிதிப்பதில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. என் விழித்திரையை நானே பார்த்துக்கொள்வேன்.

தன் விழித்திரையைத் தானே இப்படிப் பார்க்க முடியாது என்பது பாதிக் கருவி செய்தபிறகுதான் உறைத்தது. பார்க்க ஒரு கண் வேண்டும், பார்க்கப்பட இன்னொரு கண் வேண்டும், இரண்டும் ஒரே மூக்குக்கு இரண்டு பக்கமும் இருந்தால் காரியம் நடக்காது. ஆகவே ஊரார் விழித்திரைகளைப் பார்ப்பது என்று திட்டத்தைச் சற்று விரிவுபடுத்தினேன். ஒரு திட்டத்தில் ஓட்டை தெரிந்தால் அதை விரிவுபடுத்திவிடுவது என் வழக்கம்.

தத்துவம் எளிது. கண்ணின் பாப்பா ஏன் கறுப்பாக இருக்கிறது? உள்ளே போன வெளிச்சம் போன வழியிலேயே திரும்பி வருகிறது. அந்த வழியில் நாம் தலையை வைத்தால் விளக்கை மறைத்துவிடுகிறோம். எனவே விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லைச் சாய்வாக நிறுத்தவேண்டும். சில்லு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பிவிடும். அதே சில்லின் ஊடாக நாம் பார்க்கலாம். நூற்றெழுபது வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மானியர் அட்டையும் கண்ணாடியும் பசையும் வைத்தே இதைச் செய்தாராம். அவருக்கு அட்டை. எனக்கு பி.வி.சி.

முக்கால் இஞ்சு டீ ஜாயிண்ட். தண்ணீர்க் குழாய் கிளை பிரிகிற இடத்தில் போடுவார்களே, அது. கீழ்க்கிளையில் ஒரு டார்ச் விளக்கு, கூசாமல் இருக்க அதன்மேல் டிரேசிங் பேப்பர் இரண்டு சுற்று. நடுவில் மைக்ராஸ்கோப்புக்கு வைக்கிற கண்ணாடிச் சிலைடுகள் மூன்று. ஒரு முனை அவர்கள் கண்ணுக்கு, மறுமுனை என் கண்ணுக்கு. என் பக்கத்தில் பழைய சி.டி. ஒன்றில் எட்டு ஓட்டை போட்டு, கண்ணாடிக் கடையில் கழித்துப் போட்ட லென்ஸ்களை ஒட்டி, சுழற்றச் சுழற்ற ஒவ்வொன்றாக வரும்படி அமைத்தேன். அந்த சி.டி. என் மச்சினன் கல்யாண வீடியோ என்பது எட்டாவது ஓட்டை போட்டபிறகு தெரிந்தது.

ஜாயிண்ட் கண்ட பக்கமெல்லாம் வெளிச்சம் கசிந்தது. வேறு வேறு ஜாயிண்ட் வாங்கப் போய்க்கொண்டே இருந்தேன். ஏழாவது தடவை ஹார்டுவேர் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: 'என்ன சார், வீட்ல கசிவு நிக்கவே மாட்டேங்குதா?'

ஆ, யாரையோ கூப்பிடுகிறார்கள். 'எத்திராஜ், எத்திராஜ்.' யாரோ எத்திராஜாம். பாவம், பாப்பா விரிந்துவிட்டது அவருக்கு. என்ன, நாற்காலி இப்படிக் கிரீச்சிடுகிறது? காலை நீட்டிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, முன்னால் இடம் இருக்கிறது. எங்கே விட்டேன்? கசிவில்.

முதல் கண் செண்பகத்துடையது. அவள் வீட்டில் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்ப்பாள். லேசான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அப்படி ஒரு யோகம் உண்டு. அதை அவளிடம் விளக்கியிருக்கிறேன். 'குறை இருந்தாத்தான் ஊசி கோர்க்க முடியும்ங்கீங்க, அப்படித்தான?' என்றாள். அப்படி இல்லை, ஆனால் அப்படித்தான்.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஜன்னலைச் சாத்துவேன். அவள் முக்காலியில் உட்காருவாள். குழாயின் ஒரு முனையில் அவள் கண், மறுமுனையில் நான். மூக்கோடு மூக்கு இடிக்கிற தூரம். அவள் மூச்சு என் கன்னத்தில் படும். இந்தக் கருவியில் இருக்கிற ஒரே சங்கடம் அது. 'அசையாதே. பேசாதே. எதிரே காலண்டரைப் பார்' என்று உத்தரவு போடுவேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ 'ஏங்க, உங்க...' என்று ஏதோ ஆரம்பித்தாள். 'பேசினால் தலை ஆடும், தலை ஆடினால் பிம்பம் ஆடும்' என்றேன். அதற்கப்புறம் பேசவில்லை. சோதனைக்கு அவளைப்போல ஆள் கிடைக்காது, அண்ணாச்சி.

பதினொரு நாள் ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள், சிவப்பு! 'செண்பகம், உள்ளே சிவப்பாக இருக்கிறது!' என்று கத்தினேன்.

'ரத்தம் ஓடுற உடம்பு, பின்ன பச்சையாவா இருக்கும்? எந்திரிக்கலாமா, அடுப்புல பருப்பு.'

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அன்று கருகல் சாம்பாரை நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு மருத்துவப் புத்தகம் வாங்கி வந்திருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விழித்திரையின் வண்ணப்படம். ஆரஞ்சு நிறத் தரை, ஓரத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம், அதிலிருந்து ஆற்றின் கிளைகள்போல நாளங்கள். அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு குழாய்க்குள் பார்ப்பேன். சிவப்பு தெரியும், புத்தகத்தைப் பார்ப்பேன், நாளங்கள் தெரியும், மறுபடி குழாய்க்குள் பார்ப்பேன், ஆமாம், நாளங்கள் இருப்பதுபோலத்தான் இருக்கும். நோட்டில் வரைந்துவிடுவேன். பார்த்ததைத்தான் வரைந்தேன் என்று அப்போது சத்தியம் செய்திருப்பேன்.

ஒரே குறை, எல்லாம் ஒரு மூட்டத்தின் ஊடாகத் தெரிந்தது. பாலில் தண்ணீர் கலந்து விளாவினதுபோல. சிலைடை மாற்றினேன். டிரேசிங் பேப்பரை மாற்றினேன். லென்ஸை சோப்பு போட்டுக் கழுவினேன். மூட்டம் போகவில்லை. ஆக, கருவியில் குறை இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. கருவியில் இல்லையென்றால்? 'செண்பகம், உனக்குப் புரை ஆரம்பித்திருக்கிறது' என்றேன்.

அவள் அப்போது ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். 'அப்படியா' என்றாள். நூல் ஒரே போக்கில் உள்ளே போயிற்று.

ஐயோ, மருந்து வழிகிறதா? நன்றி, அண்ணாச்சி. நீங்களே துடைத்துவிட்டீர்கள். உங்கள் கைக்குட்டையிலும் எங்கள் வீட்டுச் சோப்பு வாசனைதான். ஒரே சோப்பு போடுகிறோம்போல.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் உலகமே கொஞ்சம் மங்கிப்போயிருந்தது. பத்திரிகைக்காரர்கள் மையைக் குறைத்துவிட்டார்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். டியூப் லைட்டை இரண்டு தடவை மாற்றினேன். எதிரே வருகிற வண்டி விளக்குகளைச் சுற்றி வட்டமாக ஒளி தெரிந்தது. எல்லாம் இந்தப் புது எல்.இ.டி. செய்கிற வேலை என்று நாலு பேருக்கு விளக்கம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. படித்தவன் பாருங்கள்.

அடுத்து என் மச்சினன் கருத்தப்பாண்டி, செண்பகத்தின் தம்பி. அரசுப் பேருந்து ஓட்டுகிறான். பதினொரு வருடம் வெளியூரில் தங்கித் தங்கி ஓட்டி, அப்போதுதான் சாயங்காலம் வீடு திரும்புகிற மாதிரி ஒரு திருச்செந்தூர் ரூட் கிடைத்திருந்தது. அவன் கண்ணிலும் மூட்டம். 'மாப்பிள்ளை, உனக்கும் புரை' என்றேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

'அத்தான், நிசமாத்தான் சொல்லுதீங்களா? அம்பது உசுரு என்னை நம்பி ஏறுது.'

'கருவி பொய் சொல்லாது' என்றேன். சொன்னேன், அண்ணாச்சி. அந்த வார்த்தையை என் வாயால் சொன்னேன்.

நேர்மையான பையன். மறுநாளே டிப்போவில் போய்த் தன் கண்ணில் கோளாறு என்று தானே சொல்லிவிட்டான். ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, சர்டிபிகேட் வரும்வரை டிப்போவுக்குள் வேலை கொடுத்தார்கள். திருச்செந்தூர் ரூட் வேறொருவருக்குப் போயிற்று. பத்து நாளில் சர்டிபிகேட் வந்தது. கண் இரண்டும் கழுகுக் கண்.

அன்று வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல் பேசினான். 'அத்தான், அந்தக் குழாயைக் கொண்டுபோய்த் தண்ணித் தொட்டியில மாட்டுங்க. அங்கயாவது ஒரு உபயோகத்துக்கு வரட்டும்.'

'ஆரம்பப் புரை, அவர்கள் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்' என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தையல் மிஷினைப் பார்த்தாள்.

நான் அடங்கினேனா? தண்ணித் தொட்டி என்றானே, அதைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் எங்கள் காலனியில் செண்பகத்தையும் சேர்த்து ஒன்பது பேர் கண்ணைப் பார்த்திருந்தேன். ஒன்பது பேருக்கும் மூட்டம். பூக்காரிக்கு, ரேஷன் கடைக்காரருக்கு, இருபத்திரண்டு வயது கபடி வீரனுக்கு. ஒரே காலனியில் இத்தனை பேருக்குப் புரை என்றால் அது தனிமனித நோயா? இல்லை. எல்லாருக்கும் பொதுவானது எது? தண்ணீர்த் தொட்டி! மச்சினனையும் சேர்த்துப் பத்துப் பேர் கண்ணுக்கும் பொதுவாக இன்னொன்று இருந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. அது குழாயின் என் பக்கத்து முனையில் இருந்தது.

செண்பகம்தான் வழி சொன்னாள். தம்பி கோபித்துக்கொண்டு போன அன்று மிஷினை நிறுத்திவிட்டு, 'கலெக்டர் ஆபீசுல திங்கக்கெழமை மனு வாங்குவாங்கல்லா, எழுதிக் குடுங்க' என்றாள். 'டாக்டரே நம்ம காலனிக்கு வந்து எல்லாரையும் பாக்கணும்னு எழுதுங்க.' எனக்கு ஆச்சரியம். என் ஆராய்ச்சியில் அவளுக்கு இவ்வளவு நம்பிக்கையா! ஐந்து பக்கம் எழுதினேன். அவள் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். 'எல்லாரையும்னா போதாது. ஒருத்தர் விடாமன்னு போடுங்க' என்றாள். போட்டேன். அவள் சொன்னதால் அடிக்கோடும் போட்டேன்.

மனு தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் போய், கடைசியில் முகாம் நடத்தச் சொல்லி இந்த ஆஸ்பத்திரிக்கே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகம்மையே காலனிச் சமுதாயக்கூடத்தில் வந்து இறங்கினாள். கூட நாலு பேர், இரண்டு இயந்திரம். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு, நோட்டும் குழாயும் முக்காலியுமாகப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். நாற்பத்திரண்டு பேர் வரிசையில் வந்தார்கள். கபடி வீரன், பூக்காரி, ரேஷன் கடைக்காரர், ஒவ்வொருவராக. 'நல்லாருக்கு.' 'நல்லாருக்கு.' 'கண்ணாடி மட்டும் மாத்துங்க.' 'நல்லாருக்கு.' ஒவ்வொரு நல்லாருக்குக்கும் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

கடைசியில் உலகம்மை என் நோட்டை வாங்கிப் புரட்டினாள். மரியாதையாகத்தான் புரட்டினாள். 'சார், எல்லார் கண்ணுலயும் இந்த மூலையில ஒரு கறுப்புப் புள்ளி இருக்கே, இது என்ன?'

'அதுதான் அம்மா இந்தக் காலனியின் விசேஷம்' என்றேன். 'நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். புத்தகத்திலேயே இருக்கிறது.' இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவள் அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்துவிட்டது. என்றைக்கோ புத்தகத்துக்குள் நசுங்கிச் செத்த எறும்பு.

பத்து விழித்திரையிலும் அந்த எறும்பை வரைந்திருந்தேன், அண்ணாச்சி.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. 'சார், பிராக்டிகல்ல என் காதுல பதினஞ்சுன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? விடை தெரிஞ்சிட்டதால நான் மெழுகுவத்தியவே பாக்கலை. மெடிக்கல் காலேஜ்ல அந்தப் பழக்கத்தை விடுறதுக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு' என்றாள். பிறகு என் மனம் நோகுமோ என்று நினைத்தாளோ என்னவோ, குழாயைக் கையில் எடுத்தாள். பக்கத்தில் நின்ற செண்பகத்தை உட்காரவைத்து, லென்ஸ் தகட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள்.

'சார்!' என்றாள். 'அருமையாச் செஞ்சிருக்கீங்க. நாளமெல்லாம் ஒண்ணொண்ணாத் தெரியுது. பளிச்சுனு இருக்கு.'

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. ஒரு நொடி, ஒரே நொடி, கொடி ஏற்றினதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் அந்தச் சொல் உள்ளே இறங்கியது. பளிச்சென்றா? மூட்டம் எங்கே? கருவியிலும் இல்லை, செண்பகத்தின் கண்ணிலும் இல்லை என்றால்?

'நீங்க உக்காருங்க சார்' என்றாள் உலகம்மை.

'நான் எதற்கு?'

'ஒருத்தர் விடாமன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க' என்றாள் செண்பகம். 'கோடு வேற போட்டிருக்கீங்க.'

முக்காலியில் உட்கார்ந்தேன். நான் செய்த குழாயின் தப்பான முனையில், நாற்பத்திரண்டு பேர் பார்க்க. உலகம்மை என் இடது கண்ணுக்குள் பார்த்துவிட்டு, 'எப்பவும் இந்தக் கண்ணாலதான் பாப்பீங்களா சார்?' என்று கேட்டாள். மைக்ராஸ்கோப் பழக்கம், முப்பத்தொரு வருடமாக அந்தக் கண்தான் என்றேன். 'அப்ப மூட்டம் இந்தக் கண்ணுலதான் சார்' என்றாள். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு. கருத்தப்பாண்டி. அவன் சிரித்ததும் கபடி வீரன் சிரித்தான், பூக்காரி சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? காலனி முழுக்கத் தேடி ஒரே ஒரு புரையைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்க ஐந்து பக்கம் மனு எழுதிக் கொடுத்தவன் அதைக் கூடவே கொண்டு வந்திருந்தான்.

கருத்தப்பாண்டிக்கு இப்போது வேறு ரூட். இன்று காலை அவன் பஸ்ஸில்தான் வந்தோம். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஒரு கண்ணைப் பொத்திக் காட்டினான். மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை, அண்ணாச்சி. ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களை நான் பார்க்கவும் இல்லை, இனிப் பார்க்கப் போவதும் இல்லை, அதனால் சொல்கிறேன். அன்று முகாம் முடிந்து, முக்காலியைத் தூக்கிக்கொண்டு செண்பகம் முன்னால் நடந்தாள், நான் பின்னால். 'உனக்குத் தெரியுமா?' என்றேன்.

'ரெண்டாம் நாளே தெரியும். உங்க குழாயில கசிஞ்ச வெளிச்சம் உங்க மூஞ்சியிலயும்லா விழுந்துச்சு. கண்ணு நடுவுல அரிசி கழுவுன தண்ணி மாதிரி இருந்துச்சு.'

'ஏன் சொல்லவில்லை?'

'சொல்ல வந்தேன். பேசாதங்கீங்க.'

'ஒருநாள் பேசாதே என்றேன். நாற்பது நாள் உட்கார்ந்தாயே, எழுந்து போயிருக்கலாமே. ஒன்றும் இல்லாத கண்ணைக் காட்டிக்கொண்டு எதற்கு உட்கார்ந்தாய்?'

அவள் முக்காலியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். 'நல்லா இருந்துச்சு' என்றாள்.

அவ்வளவுதான். வேகமாக நடந்து போய்விட்டாள். என்ன நல்லா இருந்தது? வெளிச்சமா? குழாயா? எட்டு லென்ஸில் எதுவா? எனக்கு விளங்கவே இல்லை. மூன்று வாரமாக யோசிக்கிறேன். நீங்கள் கல்யாணமானவர்தானே, உங்களுக்கு ஏதாவது புரிகிறதா? என்ன, பதிலையே காணோம். தூங்கிவிட்டீர்களா?

என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். 'மாசிலாமணி.' வருகிறேன் அம்மா. நல்ல பேர் வைத்தார்கள் எனக்கு. அண்ணாச்சி, கொஞ்சம் கை கொடுங்கள், எழுந்துகொள்கிறேன்.

இது என்ன? விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின காய்ப்பு?

செண்பகமா?

நீ எப்ப வந்த? அந்த விளாத்திகுளத்து அண்ணாச்சி எங்க? எத்திராஜ் அவருதானா! அப்ப, பருப்புக் கருகுனதுலருந்து நீயா கேட்டுக்கிட்டு இருந்த? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஆமா, பேசாதன்னு பழக்குனவன் நான்தான். சரி, சரி, சிரிக்காத. எல்லாரும் பாப்பாங்க. பாக்க மாட்டாங்க, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

கையை விட்டுராத. எனக்கு ஒண்ணும் தெரியலை. பயமாத்தான் இருக்கு, செண்பகம். அவருகிட்ட இல்லைன்னுட்டேன்.

உள்ள நீயும் வா. உலகம்மை என் கண்ணைப் படம் எடுத்து டிவியில போட்டுக் காட்டுதேன்னு சொல்லியிருக்கா. மருந்து விட்ட கண்ணு, எனக்கு எங்க தெரியப் போகுது. நீ பாரு. பாத்து என் காதுல சொல்லு. எனக்குப் பிடிச்ச விடையாப் பாத்துச் சொல்லாத, என்ன இருக்கோ அதைச் சொல்லு. நான் குறுக்கப் பேச மாட்டேன். அசையவும் மாட்டேன்.